செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

பழைய பெட்ரோல் கார் வாங்குவது நமக்குப் பழகிப்போன விஷயம். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போனால் போதும். பானெட்டைத் திறப்பார், ஆயில் மூடியைக் கழற்றிப் பார்ப்பார், சைலன்ஸர் புகையைக் கவனிப்பார். "எடுக்கலாம்ணே" அல்லது "வேணாம்ணே" என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

எலெக்ட்ரிக் காரில் இந்த வித்தை எதுவும் பலிக்காது. ஆயில் இல்லை, புகை இல்லை, இன்ஜின் சத்தமும் இல்லை. பெயின்ட் பளபளப்பாக இருக்கும், சீட் கவர் புதுசாக இருக்கும், கார் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால், காரின் பெரும்பங்கு விலை உங்கள் காலுக்குக் கீழே தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அதுதான் பேட்டரி. அது களைத்துப் போயிருந்தால், சேமிப்பைக் கொட்டி வாங்கிய கார் வீட்டு வாசலைத் தாண்டவே யோசிக்கும். வாரன்டி முடிந்த காருக்கு பேட்டரி மாற்றும் செலவு லட்சங்களில் வரும்.

எனவே ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நீங்கள் வாங்குவது பழைய கார் அல்ல, பழைய பேட்டரி. கார் அதோடு இலவசமாக வருகிறது. அந்த பேட்டரியை எப்படிப் பரிசோதிப்பது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் உங்கள் கிலோமீட்டர் கணக்கு

கார் பார்க்கக் கிளம்பும் முன் ஒரு பேப்பரில் உங்கள் தினசரி ஓட்டத்தை எழுதுங்கள். செங்குன்றத்தில் வீடு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை என்றால், போய்வர சுமார் 60 கி.மீ. கடை, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து 80 என்று வைத்துக்கொள்வோம். இவருக்கு நிஜத்தில் 160 கி.மீ. ஓடும் பழைய இ.வி. தாராளமாகப் போதும். இரவில் சார்ஜ் போட்டால் காலையில் ரெடி.

அதே கார், மாதம் ஒருமுறை திருவள்ளூரிலிருந்து திருப்பதி போகும் குடும்பத்துக்குச் சரிவராது. போய்வரவே 200 கி.மீ. அளவுக்கு வரும், மலைப்பாதை வேறு. வழியில் எங்கே சார்ஜ் போடுவது என்ற திட்டம் இல்லாமல் கிளம்ப முடியாது.

இன்னொரு விஷயம். விளம்பரத்தில் இருக்கும் ரேஞ்ச் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. 2020 ஜனவரியில் வந்த முதல் டாடா நெக்ஸான் இ.வி.க்கு சான்றிதழ் ரேஞ்ச் 312 கி.மீ. ஏ.சி. போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து, தேசிய நெடுஞ்சாலை 16-ல் லாரிகளுக்கு ஈடுகொடுத்து ஓட்டினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தாலே சந்தோஷம். புது காருக்கே இந்தக் கதி என்றால், ஐந்து வருஷம் ஓடிய காருக்கு இன்னும் கொஞ்சம் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நம்ம மாவட்டத்திலேயே பிறந்த கார்

யூஸ்டு இ.வி. தேடும் திருவள்ளூர்க்காரர்கள் கண்ணில் படக்கூடிய ஒரு பெயர் சிட்ரோயன் இ-சி3. இது நம்ம மாவட்டத்து வண்டி. ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்சர் தயாரான இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் தொழிற்சாலையில்தான் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. 2023 பிப்ரவரியில் ரூ.11.50 லட்சம் ஆரம்ப விலையில் இ-சி3 வந்தது. 2024-ல் இங்கிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாக இந்தோனேசியாவுக்கும் கப்பலேறியது.

சொந்த ஊர் பெருமை இருக்கட்டும். பரிசோதனையில் சலுகை கிடையாது. இதன் பேட்டரி 29.2 கிலோவாட் ஹவர். அதாவது, கரன்ட் பில்லில் நாம் சொல்லும் 'யூனிட்' கணக்கில் 29.2 யூனிட் பிடிக்கும் டேங்க். சான்றிதழ் ரேஞ்ச் 320 கி.மீ. இந்த பேட்டரி காற்றால் மட்டும் குளிரும் வகை. நெக்ஸான் இ.வி., டியாகோ இ.வி. போன்றவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவம் ஓடும்.

வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி பெயர் வராத வருஷம் உண்டா? இந்த ஊர் வெயிலில், நிழல் இல்லாத பார்க்கிங்கில் நின்று, தினமும் ஃபாஸ்ட் சார்ஜரில் நிரப்பப்பட்ட பேட்டரி சீக்கிரம் மூப்படையும். காற்றில் குளிரும் பேட்டரியாக இருந்தால், கார் எங்கே நிறுத்தப்பட்டது, எப்படி சார்ஜ் செய்யப்பட்டது என்பதை அழுத்திக் கேட்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வரி. 2024 மார்ச்சில் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில், இரண்டு ஏர்பேக் கொண்ட இ-சி3 பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய ஸ்டார் வாங்கியது. ஆறு ஏர்பேக் வந்தது அதற்குப் பின்புதான். பழைய கார் பார்க்கும்போது எந்த வருஷத்து மாடல், எத்தனை ஏர்பேக் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி ஆரோக்கியம்: மூன்று டெஸ்ட்

1. சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட்: பேட்டரிக்கு 'ஸ்டேட் ஆஃப் ஹெல்த்' என்று ஒரு எண் உண்டு. புதிதில் 100 சதவிகிதம். வருஷங்கள் போகப்போக இறங்கும். அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு காரைக் கொண்டுபோய் டயக்னாஸ்டிக் ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்குங்கள். செல்களின் வோல்டேஜ் வித்தியாசத்தையும் கேளுங்கள். நூற்றுக்கணக்கான செல்களில் ஒரு வரிசை மட்டும் பலவீனமாக இருந்தாலும் மொத்த பேட்டரியும் அதற்கேற்பத்தான் நடக்கும். "அதெல்லாம் எதுக்கு சார், வண்டி சூப்பரா ஓடுது" என்று விற்பவர் தட்டிக்கழித்தால், அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

2. சார்ஜர் பில் டெஸ்ட்: இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். விற்பவரோடு பக்கத்து ஃபாஸ்ட் சார்ஜிங் ஸ்டேஷனுக்குப் போங்கள். ஏ.சி.யை அணைத்துவிட்டு 30 சதவிகிதத்திலிருந்து 80 வரை சார்ஜ் ஏற்றுங்கள். அதாவது பாதி டேங்க். இ-சி3-யாக இருந்தால் 29.2-ல் பாதி, 14.6 யூனிட். பில்லில் 14, 15 யூனிட் என்று வந்தால் பேட்டரி நல்லபடி இருக்கிறது. 12-க்கும் கீழே வந்தால், 29 யூனிட் டேங்க் சுருங்கி 24 யூனிட்டுக்கும் குறைவாகிவிட்டது என்று அர்த்தம். மற்ற கார்களுக்கும் இதே கணக்குதான். பேட்டரி அளவைப் பாதியாக்கி பில்லோடு ஒப்பிடுங்கள். வீட்டு பிளக்கில் இதைச் செய்தால் 10, 15 சதவிகிதம் வழியிலேயே இழப்பாகும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டேஷ்போர்டு காட்டும் சதவிகிதம் சில நேரம் பிசகும். குறிப்பாக இ-சி3, நெக்ஸான் போன்றவற்றில் இருக்கும் எல்.எஃப்.பி. வகை பேட்டரியை அவ்வப்போது 100 வரை ஏற்றாவிட்டால் மீட்டர் குழம்பும். எனவே இந்த டெஸ்டை மட்டும் நம்பி முடிவெடுக்காமல், சர்வீஸ் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

இந்த டெஸ்டில் இன்னொரு லாபமும் உண்டு. ஃபாஸ்ட் சார்ஜிங் வேலை செய்கிறதா, பாதியில் நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பிளக் போட்ட உடனே 'எரர்' காட்டும் கார், நாளை நடுவழியில் உங்களை உட்கார வைக்கும்.

3. ஓட்டம்: தெருவைச் சுற்றி ஐந்து நிமிஷம் ஓட்டுவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. கவரைப்பேட்டையிலிருந்து எளாவூர் பக்கம் வரை, நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டு 70, 80 வேகத்தில் போய்த் திரும்புங்கள். கிளம்பும்போது சதவிகிதத்தையும் கிலோமீட்டரையும் போட்டோ எடுங்கள், திரும்பியதும் இன்னொன்று. 25 கி.மீ.க்கு 12 சதவிகிதம் குறைந்தால், முழு சார்ஜில் சுமார் 208 கி.மீ. 18 சதவிகிதம் குறைந்தால், 140-க்கும் கீழே. 'ஃபுல் சார்ஜ்ல 250 போகும் சார்' என்ற பேச்சுக்கு இந்த இரண்டு போட்டோக்களே பதில் சொல்லிவிடும்.

மிக்ஜாம் தண்ணீரைப் பார்த்த காரா?

நம்ம ஏரியாவில் இதைக் கேட்காமல் எந்த காரையும் வாங்கக் கூடாது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது மறந்திருக்காது. தெருவில் நின்ற கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன.

பல இ.வி. பேட்டரிகளுக்கு ஐ.பி.67 தரம் உண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிஷம் தாங்கும் என்பது அதன் பொருள். இரண்டு நாள் மூழ்கிக் கிடந்த காருக்கு அந்தத் தரம் உத்தரவாதம் கிடையாது. உள்ளே போன ஈரம் உடனே தெரியாது. மாதங்கள் கழித்து கனெக்டரில் துருவாக, 'இன்சுலேஷன் ஃபால்ட்' எச்சரிக்கையாக வெளியே வரும். வெள்ளத்தால் வந்த சேதத்தை கம்பெனி வாரன்டியில் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா?
* முன் சீட்டின் தண்டவாளம், போல்ட்களில் துரு இருக்கிறதா?
* ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் கார்பெட்டைத் தூக்குங்கள். டிக்கியின் அடித்தளத்தையும் பாருங்கள். மண் படிந்த மூலை காட்டிக்கொடுத்துவிடும்.
* சார்ஜிங் போர்ட்டின் பின்கள் பச்சை பூத்தாற்போல, கறுத்தாற்போல இருக்கிறதா?
* புது காருமல்ல, ஷோரூமும் அல்ல. ஆனாலும் வாசனை திரவியம் தூக்கலாக அடிக்கிறதா?

அடுத்து, இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். அதில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்று ஒரு வரி இருக்கும். கிளெய்மே எடுக்காத வண்டிக்கு இது முதல் வருஷம் 20 சதவிகிதத்தில் தொடங்கி, ஐந்து வருஷத்தில் 50 வரை போகும். நான்கு வருஷமாக ஒரே ஓனரிடம் இருக்கும் காருக்கு இது பூஜ்யம் என்றால், சமீபத்தில் கிளெய்ம் எடுத்திருக்கலாம். எதற்கு எடுத்தார் என்று பேப்பரோடு கேளுங்கள். 2024-ல் புதுப்பித்த பாலிசி கிடைத்தால், முந்தைய டிசம்பரில் நடந்த கதையை அதுவே சொல்லும்.

பழவேற்காடு, எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் ஓடிய கார்களுக்கு உப்புக் காற்று இன்னொரு எதிரி. காரை லிஃப்ட்டில் ஏற்றி, அடிப்பக்கத்தில் பேட்டரிப் பெட்டியைப் பாருங்கள். துரு, நசுங்கல், ஸ்பீடு பிரேக்கரில் உரசிய கீறல், புதிதாக அடித்த பெயின்ட், எல்லாமே கேள்விக்குரியவை. ஆரஞ்சு நிற கேபிள்கள் உயர் வோல்டேஜ் செல்பவை. அவற்றைத் தொடாதீர்கள், தெரியாத மெக்கானிக்கைத் தொடவும் விடாதீர்கள்.

நம்பர் பிளேட் சொல்லும் ஜாதகம்

சொந்த உபயோக இ.வி.க்குப் பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து. டாக்ஸிக்குப் பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து. பிளேட்டை மாற்றியிருந்தால் ஆர்.சி.யிலும், எம்-பரிவாஹன் ஆப்பிலும் பாருங்கள். டாக்ஸியாக ஓடியது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், தினமும் ஃபாஸ்ட் சார்ஜ் ஏறிய பேட்டரி அது. வாரன்டி விதிகளும் வாடகை வண்டிக்கு வேறாக இருக்கலாம். விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். டெல்லியிலும் பெங்களூருவிலும் ஆயிரக்கணக்கான இ.வி.களை ஓட்டிய புளூஸ்மார்ட் டாக்ஸி சேவை 2025 ஏப்ரலில் நின்றுபோனது. இப்படிப்பட்ட கம்பெனி வண்டிகள் விற்பனைக்கு வரும்போது எந்த ஊருக்கும் வரலாம். விலை ரொம்ப மலிவாக இருந்தால், முதல் ஓனர் பெயரைப் பாருங்கள்.

சார்ஜிங் சாக்கெட்டையும் கவனியுங்கள். இப்போதைய ஃபாஸ்ட் சார்ஜர்கள் பெரும்பாலும் 'சி.சி.எஸ்.2' வகை. 2019 காலத்து டிகோர் இ.வி., மஹிந்திரா இ-வெரிட்டோ போன்றவற்றில் பழைய 'ஜி.பி/டி' சாக்கெட் இருக்கும். இந்தக் கார்கள் மலிவாகக் கிடைத்தாலும், நெடுஞ்சாலை சார்ஜரில் பிளக்கே நுழையாது.

வாரன்டி யாருக்கு, எதுவரை?

முதல் நெக்ஸான் இ.வி.க்கு பேட்டரி வாரன்டி 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ., எது முன்னால் வருகிறதோ அது. 2020 தொடக்கத்தில் விற்ற காருக்கு 2028 தொடக்கத்தில் முடிந்துவிடும். இ-சி3 பேட்டரிக்கு 7 ஆண்டு அல்லது 1.4 லட்சம் கி.மீ. இந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, முதல் ஓனர் வாங்கிய நாளிலிருந்து ஓடும்.

'லைஃப்டைம் பேட்டரி வாரன்டி' என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. வின்ட்ஸருக்கு அந்தச் சலுகை முதல் ஓனருக்கு மட்டும்தான். இரண்டாவது ஓனருக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. அதே வின்ட்ஸரை, பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் கட்டும் திட்டத்திலும் விற்றார்கள். அப்படி வாங்கிய காரில் பேட்டரிக் கணக்கு பாக்கி இருக்கலாம். ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா, பேட்டரிக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டுக்கும் 'நோ டியூ' சான்று வாங்குங்கள்.

ரீகால் விஷயத்தையும் விடாதீர்கள். நம்ம பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உருவான ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் கார்களில் 456-ஐ, உயர் வோல்டேஜ் பேட்டரியில் கோளாறு இருக்கலாம் என்று 2020 டிசம்பரில் கம்பெனி திரும்ப அழைத்தது. கோனா வாங்குகிறீர்கள் என்றால், சேஸி நம்பரைக் கொடுத்து ரீகால் வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். மற்ற கார்களுக்கும் இதைக் கேட்பதில் தப்பில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள், பெரிய செலவுகள்

* 12 வோல்ட் பேட்டரி: இ.வி.யிலும் சின்ன பேட்டரி ஒன்று உண்டு. அது செத்தால், பெரிய பேட்டரி நிறைய இருந்தும் கார் கிளம்பாது. கடைசியாக எப்போது மாற்றினார்கள்?
* டயர்: பேட்டரி கனத்தால் சீக்கிரம் தேயும். நான்கையும் மாற்ற வேண்டியிருந்தால் விலையில் கழியுங்கள்.
* பிரேக்: மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு, துருப்பிடிக்கும்.
* சார்ஜர்: காரோடு வந்த ஒரிஜினல் போர்ட்டபிள் சார்ஜர் இருக்கிறதா? அதை வைத்தே வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏறுகிறதா?
* ஆப்: கம்பெனி ஆப்பில் பழைய ஓனரின் கணக்கை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பது அவர் போனில் தெரிந்துகொண்டிருக்கும்.

பேப்பர் வேலை

பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. கடன் இருந்து முடிந்திருந்தால் ஃபார்ம் 35. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. அங்கே விலை குறைவு என்று ஆந்திரா வண்டி எடுப்பதென்றால், ஃபார்ம் 28-ல் தடையில்லாச் சான்றும் இங்கே மறுபதிவும் தேவை. தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 2023-ன்படி இ.வி.களுக்கு 2025 டிசம்பர் 31 வரை சாலை வரியில் 100 சதவிகித விலக்கு அளிக்கப்பட்டது. மறுபதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ள விதியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அதன்பின் விலை பேசுங்கள்.

தனிநபரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால் 18 சதவிகிதம் உண்டு. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம் பழைய இ.வி.க்கும் இந்த விகிதத்தைக் கொண்டுவந்தது. ஆனால், அது வியாபாரியின் லாபத்தின் மீதுதான். முழு விலைக்கும் 18 சதவிகிதம் போட்டுக் கேட்டால் கொடுக்காதீர்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவும் மறக்காதீர்கள்.

எப்போது எழுந்து வந்துவிடலாம்?

பேட்டரி ஸ்கேனுக்கு விற்பவர் மறுத்தால், ஃபாஸ்ட் சார்ஜரில் எரர் வந்தால், வெள்ளத்தில் நின்றதற்கு ஒரே ஓர் அடையாளம் கிடைத்தாலும் அந்த டீலை விட்டுவிடுங்கள். ஆரோக்கியம் 70 சதவிகிதத்துக்குப் பக்கத்தில் இருந்து, வாரன்டியும் முடிந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். மாறாக, ரிப்போர்ட் தெளிவாக இருந்து, வாரன்டி மூன்று, நான்கு வருஷம் பாக்கி இருந்து, உங்கள் தினசரி ஓட்டத்தைப்போல இரண்டு மடங்கு ரேஞ்ச் நிஜத்தில் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடுதலானாலும் தைரியமாக எடுக்கலாம்.

அட்வான்ஸ் ரசீதில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: 'சர்வீஸ் சென்டர் பேட்டரி ரிப்போர்ட் திருப்தி இல்லையென்றால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.' நல்ல காரை வைத்திருப்பவர் இதற்குத் தயங்கவே மாட்டார்.

அடுத்த வாரம்: அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் இ.வி. சார்ஜிங் பாயின்ட் போட என்னென்ன செய்ய வேண்டும்? உங்கள் சந்தேகங்களை இப்போதே எழுதி அனுப்புங்கள்!